ஆற்றின் இரு கரைக்கும் தீயணைப்பு: நெல்லைக்கு எந்த ஏற்பாடு பொருந்தும்?

நெல்லை மாநகரின் தீயணைப்புப் பணியை மாற்றி அமைக்க வேண்டும் என்பதில் எங்கள் பாளையங்கோட்டைக் குடியிருப்போர் நலச் சங்கத்தில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எப்படி மாற்றுவது என்பதில்தான் மூன்று கூட்டங்கள் கூடிப் பேசியும் முடிவு எட்டவில்லை. நகரின் நடுவில் எல்லா வசதியும் கொண்ட பெரிய நிலையம் ஒன்று வேண்டும் என்கிறார்கள் சிலர். மண்டலந்தோறும் சிறு நிலையங்கள் அமைப்பதே சரி என்கிறார்கள் வேறு சிலர். மாநிலத் துறையிடமிருந்து வாங்கி மாநகராட்சியே இப்பணியை நடத்த வேண்டும் என்பது மூன்றாவது தரப்பின் வாதம். இவை அரசு அறிவித்த திட்டங்கள் அல்ல. பகுதி சபையில் எழுந்து நின்று எதைக் கேட்பது என்று தெளிவு பெறுவதற்காக நாங்கள் எடைபோட்டுப் பார்க்கும் வழிகள். இதே கேள்வியை டவுனிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் கேட்டு எழுதிய வாசகர்களுக்காக, மூன்றையும் ஒரே அளவுகோல் கொண்டு இங்கே அளந்து பார்க்கிறேன்.

எதை வைத்து அளப்பது

முதலாவது நேரம். அழைப்பு வந்ததிலிருந்து நகரப் பகுதியில் 5 முதல் 7 நிமிடங்களுக்குள்ளும் ஊரகத்தில் 20 நிமிடங்களுக்குள்ளும் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் நெறி. அந்த நிமிடக் கணக்கு காரணமில்லாமல் வந்ததன்று. பஞ்சு மெத்தையும் நாற்காலித் துணியும் பிளாஸ்டிக் சாமான்களும் நிறைந்த இன்றைய வீட்டில், மூடிய அறையில் பற்றிய தீ சில நிமிடங்களிலேயே கூரையடியில் கொதிக்கும் புகையைத் தேக்கி, அறையிலுள்ள அனைத்தையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பற்றவைத்துவிடும். அதற்கு முன் தண்ணீர் வந்துசேர்ந்தால் இழப்பு ஓர் அறையோடு நிற்கும். வராவிட்டால் வீடும், சில நேரம் பக்கத்து வீடும் போகும்.

நேரம் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அது நான்கு துண்டுகளால் ஆனது: 101 அல்லது 112 எண்ணில் அழைப்பை எடுத்து இடத்தைப் புரிந்துகொள்ளும் நேரம், வீரர்கள் ஏறி வண்டி கிளம்பும் நேரம், பெரிய சாலையில் ஓடும் நேரம், கடைசித் தெருவில் நுழைந்து ஹோஸை விரிக்கும் நேரம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுத்த தெருவில் மெத்தைக் கடை ஒன்று எரிந்தபோது வண்டி விரைவாகவே சாலை முனைக்கு வந்துவிட்டது. அங்கிருந்து கடை வரையிலான நூற்றைம்பது மீட்டரைக் கடக்கத்தான், இருபுறமும் நின்ற இருசக்கர வாகனங்களாலும் தாழத் தொங்கிய கேபிள்களாலும், வந்த வழி முழுவதற்கும் ஆன நேரத்தைவிடக் கூடுதலாக ஆயிற்று. அன்றுமுதல் நிலையம் எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எந்தத் திட்டத்தையும் நான் மதிப்பிடுவதில்லை.

இரண்டாவது தண்ணீர். வழக்கமான பெரிய வண்டி ஏறத்தாழ 4,500 லிட்டர் கொண்டுவரும். ஒரே ஒரு குழாய் முனையில் நிமிடத்துக்கு 450 லிட்டர் பாய்ச்சினால் அது பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்த 4,500 லிட்டர் எங்கே நிரப்பப்படும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் அரைத் திட்டம்தான்.

மூன்றாவது அளவுகோல் ஆறு. வெளியூர் ஆலோசகர்கள் வரைபடத்தில் தவறவிடக்கூடியது இதுதான் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். தாமிரபரணி நம் மாநகரை இரண்டாகப் பிரிக்கிறது. டவுன், ஜங்ஷன், பேட்டை, தச்சநல்லூர் ஒரு கரையில். வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் மறு கரையில். 1843இல் திறக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலமும் அதற்குத் துணையாக வந்த பாலங்களும்தான் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது என்பதை நாம் மறக்கவில்லை. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடிப்பது நாம் அறிந்த காட்சி; ஆனால் அன்று ஜங்ஷன் பேருந்து நிலையப் பகுதியிலும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்திலும் தண்ணீர் நின்றது, மக்களைப் படகில் மீட்க வேண்டியிருந்தது. தீயணைப்புத் துறையின் பெயரிலேயே மீட்புப் பணியும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒரு கரை மறு கரையிலிருந்து துண்டிக்கப்படும் நாளில் ஒவ்வொரு கரையும் தன் காலில் நிற்குமா என்று கேட்பது நெல்லைக்கு இன்றியமையாதது.

மற்றவை ஆட்கள், தொடர்செலவு, யாரிடம் கேள்வி கேட்க முடியும் என்ற மூன்று. இவற்றை அந்தந்த வழியோடு சேர்த்தே பார்ப்போம்.

வழி ஒன்று: நடுவில் ஒரு பெரிய நிலையம்

இதன் ஈர்ப்பு எளிதில் விளங்குவது. உயர்ந்த கட்டடத்துக்கான ஏணி வண்டி, புகைக்குள் மூச்சுவிட உதவும் கருவிகள், நொறுங்கிய வாகனத்தை வெட்டித் திறக்கும் கருவிகள், ரப்பர் படகுகள், பழுதுபார்க்கும் பட்டறை, பயிற்சித் திடல் ஆகிய அனைத்தும் ஒரே வளாகத்தில் இருந்தால் பராமரிப்பு சுலபம். பெரிய ஜவுளிக் கடையோ ஹைகிரவுண்டு மருத்துவமனை போன்ற பல மாடி வளாகமோ தீப்பிடித்தால் ஒரே மூச்சில் முப்பது நாற்பது வீரர்களை அனுப்பலாம். ஐந்து ஆறு பேர் கொண்ட அணி எவ்வளவு துணிச்சலானதாக இருந்தாலும் படுக்கையில் இருக்கும் நோயாளிகளை மாடியிலிருந்து இறக்கிவிட முடியாது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த வழி முதல் அளவுகோலிலேயே தடுமாறுகிறது. ஆறு நிமிடத்தில் ஒரு நிமிடம் கிளம்புவதற்குப் போனால் மீதி ஐந்து. நம் சாலைகளில் வண்டி மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், ஐந்து நிமிடத்தில் இரண்டரைக் கிலோமீட்டர். நேர்கோட்டில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டால் அது ஏறக்குறைய 20 சதுர கிலோமீட்டர். சாலை வளைந்து செல்வதால் உண்மையில் எட்டக்கூடிய பரப்பு அதைவிடக் குறைவு. வட்டத்தை இரண்டு கிலோமீட்டராகச் சுருக்கினால் 12 அல்லது 13 சதுர கிலோமீட்டர்தான் வரும். மாநகராட்சியின் பரப்போ ஏறத்தாழ 109 சதுர கிலோமீட்டர். அதில் வயலும் குளமும் கணிசம் என்பதைக் கழித்தாலும், ஓரிடத்திலிருந்து பேட்டைக்கும் கேடிசி நகருக்கும் ஆறு நிமிடத்தில் போவது நடவாத காரியம்.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. நகரின் நடு என்றால் அது ஆற்றங்கரைதான்; வண்ணார்பேட்டையிலும் கொக்கிரகுளத்திலும் கிடைக்கக்கூடிய இடங்களில் தாழ்வானவை பல. மீட்புப் படகுகளை வைத்திருக்கும் நிலையமே வெள்ளத்தில் சிக்குவதைவிடக் கொடுமை வேறில்லை. அடுத்தது, பெரிய நிலையம் வந்த பின் பேட்டையிலும் பாளையங்கோட்டையிலும் இப்போதுள்ள நிலையங்களைச் சுருக்கலாம் என்ற எண்ணம் நிதி கேட்கும் மேசையில் கட்டாயம் எழும். அவ்வாறு சுருக்கினால் பெற்றதைவிட இழந்தது பெரிதாகிவிடும்.

இந்த வழி எப்போது சிறந்தது? இருக்கும் வீரர்கள் மிகக் குறைவாக இருந்து, அவர்களைப் பிரித்தால் எந்த நிலையத்திலும் முழு அணி தேறாது என்ற நிலையில், அரைகுறையாக நான்கைவிட முழுமையாக ஒன்று மேல். அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் நகருக்கும் இது பொருந்தும். நம் நகரம் இன்னும் அப்படி ஆகவில்லை.

வழி இரண்டு: மண்டலந்தோறும் சிறு நிலையங்கள்

மாநகராட்சிக்கு நான்கு மண்டலங்கள்: திருநெல்வேலி, தச்சநல்லூர், பாளையங்கோட்டை, மேலப்பாளையம். பேட்டையையும் பாளையங்கோட்டையையும் விடாமல் வைத்துக்கொண்டு, மேலப்பாளையம், தச்சநல்லூர், டவுனின் உட்பகுதி, கிழக்கே விரியும் புறநகர் ஆகிய இடங்களில் ஒரு சிறு வண்டியும் ஓர் அணியும் கொண்ட துணை நிலையங்களை அமைப்பது இந்த வழி.

மேலப்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். சந்துகள் குறுகியவை, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, பீடி இலைக் கட்டுகளை வீட்டிலேயே அடுக்கி வைத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். பாளையங்கோட்டையிலிருந்து அங்கே போகும் வழியில் குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் வண்டியை அணைத்துவிட்டுக் காத்து நின்ற அனுபவம் நம்மில் பெரும்பாலோருக்கு உண்டு. கேட் மூடியிருக்கும் அந்த சில நிமிடங்கள்தான் மேலே சொன்ன ஆறு நிமிடங்கள். டவுனில் நான்கு ரத வீதிகள் அகலமானவை என்றாலும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களில் மர உத்திரம் தாங்கிய பழைய மச்சு வீடுகளும் மேல்தளத்தில் ஜவுளிக் கிடங்குகளும் நெருங்கிக் கிடக்கின்றன. ஆனித் தேரோட்ட நாளில் ரத வீதியே மக்களால் நிரம்பிவிடும். அன்று வெளியிலிருந்து வரும் வண்டியைவிட உள்ளேயே நிற்கும் சிறு வண்டிதான் உதவும். இத்தகைய இடங்களுக்குப் பெரிய வண்டியைவிட, குறைந்த தண்ணீரை நுண்துளிகளாகப் பீய்ச்சும் சிறு வாகனம் முதலில் போய்த் தீயைக் கட்டுக்குள் வைத்திருப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

இனி இதன் மறைந்த செலவு. வண்டியின் விலை ஒருமுறை கொடுப்பது; ஆட்களின் சம்பளம் என்றென்றும் கொடுப்பது. ஓட்டுநரையும் சேர்த்து ஐந்து பேர் எப்போதும் தயாராக இருக்க வேண்டுமானால், எட்டு மணி நேர முறைப்படி மூன்று அணிகள், அதாவது 15 பேர். வார விடுப்பு, நோய் விடுப்பு, பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்தால் ஒரு நிலையத்துக்கு 20 பேருக்கு அருகில் வரும். நான்கு துணை நிலையங்கள் என்றால் 80 பேர். தீயணைப்புப் பணிகளை விரிவாக்கி நவீனமாக்க ஒன்றிய அரசு 2023இல் 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நம்முடையதைப் போன்ற மாநிலங்கள் அதில் கால் பங்கைத் தாமே ஏற்க வேண்டும். அவ்வகை நிதி கட்டடத்துக்கும் வண்டிக்கும் கருவிக்கும் கைகொடுக்கும். மாதந்தோறும் வரும் சம்பளச் செலவை மாநில அரசு மனமுவந்து ஏற்காவிட்டால், திறப்பு விழாவுக்குப் பின் துணை நிலையம் பூட்டிக் கிடக்கும்.

இன்னொரு சிக்கலையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நம் வீரர்கள் தீயை அணைப்பதற்கு மட்டும் கிளம்புவதில்லை. வீட்டுக்குள் பாம்பு, கிணற்றில் விழுந்த மாடு, மரத்தில் கதண்டுக் கூடு என்று வரும் அழைப்புகள் அவர்களின் நாளில் பெரும்பகுதியைத் தின்கின்றன. ஒரே அணி கொண்ட நிலையத்தில் அந்த அணி பாம்பு பிடிக்கப் போயிருக்கும்போது தீ அழைப்பு வந்தால், வரைபடத்தில் நிலையம் இருக்கும், நிலையத்தில் ஆள் இருக்காது. ஓர் அணி வெளியே போனதும் பக்கத்து நிலையத்தின் வண்டி இடைவழியில் வந்து நிற்க வேண்டும் என்ற கட்டாய விதி இல்லாமல் இந்த வழியை ஆதரிப்பது சரியாகாது.

தண்ணீரும் இங்கே கூடுதல் கவலை. சிறு வண்டி கொண்டுவரும் தண்ணீர் மிகக் குறைவு என்பதால் பின்னாலேயே பெரிய வண்டியோ தண்ணீர் லாரியோ வந்தாக வேண்டும். நயினார்குளமும் வேய்ந்தான்குளமும் நிறைந்திருக்கும் மாதங்களில் அவற்றிலிருந்து உறிஞ்சலாம். தீ மிகும் கோடையிலும், ஆனி ஆடிக் காற்றில் இராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு புகையும் நாட்களிலும் குளத்தை நம்பியிருக்க முடியாது. மாநகராட்சியின் மேல்நிலைத் தொட்டிகளில் தீயணைப்பு வண்டிக்கென்றே தடித்த குழாய் இணைப்புகள் வேண்டும்.

வழி மூன்று: மாநகராட்சியே ஏற்பது

இவ்வாதத்துக்குச் சட்ட அடிப்படை உண்டு. 74ஆவது திருத்தத்தின் வழியாக அரசமைப்பில் சேர்ந்த பன்னிரண்டாம் அட்டவணை, நகராட்சி அமைப்புகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஏழாவது தீயணைப்பு. மும்பையிலும் அகமதாபாத்திலும் மாநகராட்சிகளே இப்பணியை நடத்துகின்றன. தமிழ்நாட்டில் 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இது மாநிலத் துறையின் பணி.

மாநகராட்சியிடம் வந்தால் கிடைக்கும் உண்மையான நன்மை ஒன்று உண்டு. கட்டட அனுமதி, தெரு ஆக்கிரமிப்பு, குடிநீர்க் குழாய், குப்பைக் கிடங்கு ஆகிய நான்கும் அதன் கையில்தான் இருக்கின்றன. தீயைத் தடுப்பதும் இந்த நான்கைப் பொறுத்ததுதான். 2004 ஜூலை 16இல் கும்பகோணம் பள்ளியில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்தோம். கீற்றுக் கூரையும் குறுகிய படிக்கட்டும் அந்தக் கட்டடத்தில் இருக்க விட்டதுதான் அங்கே நடந்த முதல் தவறு. அதை எந்த வேகமான வண்டியாலும் ஈடுசெய்திருக்க முடியாது. அனுமதி தருபவரும் தீப் பாதுகாப்பைப் பார்ப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருந்தால் பொறுப்பைத் தட்டிக்கழிக்க இடமிருக்காது, நம் வார்டு உறுப்பினரையே நேரில் கேட்கலாம் என்பது இத்தரப்பின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் நெல்லைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாநகராட்சி எல்லைக்கு வெளியே இருக்கும் சீவலப்பேரியும் முன்னீர்பள்ளமும் மானூரும் யாரை அழைக்கும்? இன்று நகர நிலையங்களின் வண்டிகள் எல்லை பார்க்காமல் கிராமங்களுக்கும் ஓடுகின்றன. வைக்கோல் போரும் ஓலைக் கூரையும் காற்றில் எரியும்போது, இது எங்கள் எல்லை இல்லை என்ற பதில் எந்தக் காலத்திலும் வரக்கூடாது. வீரர்களைச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்ந்தெடுக்கிறது. பயிற்சி, பதவி உயர்வு, ஓய்வூதியம் யாவும் மாநிலம் முழுமைக்கும் ஒரே வரிசையில் வருகின்றன. அந்த வரிசையிலிருந்து ஒரு நகரை மட்டும் பிடுங்கினால், ஐம்பது அறுபது பேர் கொண்ட சிறு அமைப்பில் பதவி உயர்வுக்கு வழியின்றித் திறமையானவர்கள் தேங்கிப்போவார்கள். 2023 வெள்ளம் போன்ற பேரிடரில் மற்ற மாவட்டங்களிலிருந்து அணிகளும் படகுகளும் வருவது ஒரே துறையாக இருப்பதால்தான் எளிதாகிறது. மும்பையின் வருவாய் மும்பைக்கு உண்டு. 2011 கணக்கெடுப்பில் ஐந்து லட்சத்தையும் எட்டாத மக்கள் தொகை கொண்ட நம் மாநகராட்சி, சொத்து வரியை உயர்த்தாமல் இந்தச் சுமையைத் தாங்காது. தில்லியில் இப்பணி 1994இல் மாநகராட்சியிடமிருந்து தில்லி அரசிடம் சென்றது என்பதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒரே பார்வையில்

| அளவுகோல் | பெரிய மைய நிலையம் | சிறு துணை நிலையங்கள் | மாநகராட்சி ஏற்பது |
|---|---|---|---|
| முதல் வண்டி வரும் நேரம் | நடுப்பகுதிக்கு நன்று, ஓரங்களுக்குத் தாமதம் | நான்கு மண்டலத்துக்கும் நன்று | நிலையங்களின் இடத்தைப் பொறுத்தது |
| தண்ணீர் | வண்டியில் மிகுதி | வண்டியில் குறைவு. நிரப்புமிடம் கட்டாயம் | குழாய் இணைப்பு எளிது |
| பாலம் துண்டானால் | ஒரு கரை கைவிடப்படும் | இரு கரையும் ஓரளவு நிற்கும் | வெளி உதவி பெறுவது கடினமாகலாம் |
| ஆட்கள் | குறைந்த எண்ணிக்கையே போதும் | நிலையத்துக்கு 20 பேர் வரை | பதவி உயர்வுத் தேக்கம் |
| மறைந்த செலவு | தாழ்வான நிலம், பழைய நிலையங்களை மூடும் ஆபத்து | நிரந்தரச் சம்பளம் | சொத்து வரி, எல்லைச் சிக்கல் |

யாருக்கு எது, நாம் எதைக் கேட்பது

டவுனிலும் மேலப்பாளையத்திலும் வசிப்பவர்களுக்கு இரண்டாவது வழியே உயிர் காக்கும் வழி என்பதில் எனக்குத் தயக்கமில்லை. மகாராஜ நகர், பெருமாள்புரம் போன்ற அகலத் தெருப் பகுதிகளுக்குப் பாளையங்கோட்டை நிலையத்தை வலுப்படுத்தினாலே பெரும் பயன் கிடைக்கும். ஆகவே மாநிலத் துறையின்கீழேயே துணை நிலையங்கள், அவற்றுக்குப் பின்பலமாக ஒவ்வொரு கரையிலும் ஒரு கனரக அணி, ஒவ்வொரு கரையிலும் வெள்ளம் எட்டாத மேட்டில் படகுகள் என்பதே என் நிலைப்பாடு. முதல் வழியிலிருந்து கருவிகளை எடுத்துக்கொண்டு மையத்தை விட்டுவிடுகிறேன். மூன்றாவது வழியிலிருந்து தண்ணீரையும் தெருவையும் எடுத்துக்கொண்டு நிர்வாகத்தை விட்டுவிடுகிறேன். நான்கு துணை நிலையங்களுக்கும் ஒரே ஆண்டில் ஆள் கிடைக்காது என்றால் மேலப்பாளையம் முதலில் வரட்டும். ஆளில்லாத நான்கைத் திறப்பதற்கு நாம் கைதட்ட வேண்டாம்.

வார்டுதோறும் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி தந்தால் போதாதா என்று சில இளைஞர்கள் கேட்டார்கள். பயிற்சி நிச்சயம் வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீயணைப்பு வாரத்தில் வீரர்கள் செய்து காட்டுவதைப் பார்த்து, சிலிண்டர் வால்வை மூடவும் மெயின் சுவிட்சை அணைக்கவும் தீயணைப்பானைப் பிடிக்கவும் வீட்டுக்கு ஒருவர் பழகிக்கொள்ளலாம். ஆனால் மூச்சுக் கருவியின்றிப் புகைக்குள் நுழையும் வேலையை அண்டை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கும் எந்தத் திட்டத்துக்கும் நான் உடன்பட மாட்டேன்.

அடுத்த பகுதி சபையில் எங்கள் சங்கம் வைக்கப்போகும் முதல் கோரிக்கை கட்டடம் பற்றியதன்று. எந்த முடிவுக்கும் முன்பு, பள்ளி திறக்கும் காலை ஒன்பது மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை, ரயில்வே கேட் மூடியிருக்கும்போது ஒரு முறை என, இப்போதுள்ள நிலையங்களிலிருந்து நான்கு மண்டலங்களின் கடைக்கோடித் தெருக்களுக்கு வண்டியை ஓட்டிப் பார்த்து, ஹோஸில் தண்ணீர் வரும் வரையிலான நேரத்தை எழுதி மக்கள் முன் வைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு கரையிலும் குறைந்தது இரண்டு மேல்நிலைத் தொட்டிகளில் தீயணைப்பு வண்டிக்கான நிரப்பு குழாய். மூன்றாவது, தெருவின் அகலம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்களே டேப் பிடித்து எங்கள் தெருவை அளந்தோம். குறுகிய இடத்தில் பத்தடி மூன்று அங்குலம் இருந்தது. பெரிய தண்ணீர் வண்டியின் அகலம் எட்டடிக்குச் சற்று மேல். ஒரு பக்கம் ஒரே ஒரு பைக் நின்றாலும் அது உள்ளே வர முடியாது.